பார்க்க நல்லாத்தான் இருக்கார்: தலைக்காயத்தைக் கோர்ட்டுக்கு வீடியோவில் காட்டலாமா?

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு விபத்தின்போது 38 வயது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுவது, சீட்டு எழுதுவது, விவசாயிகளுக்குக் கணக்கு முடிப்பது எல்லாம் அவர்தான். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, விடியற்காலை மூன்று மணிக்கு பைக்கில் மார்க்கெட்டுக்குப் போனபோது நான்கு வழிச் சாலையில் பின்னாலிருந்து சரக்கு வேன் மோதியது. மூளையில் ரத்தக்கட்டு, ஆபரேஷன், பல வாரம் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்துவிட்டார். நடக்கிறார், பேசுகிறார், யாராவது வந்தால் சிரித்து வரவேற்கிறார்.

ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். ஐந்து சாமான் வாங்க அனுப்பினால் இரண்டோடு வருகிறார், மீதிச் சில்லறை என்ன ஆனது என்று தெரியவில்லை. சொன்னால்தான் குளிக்கிறார், எடுத்துக் கொடுத்தால்தான் வலிப்பு மாத்திரை போடுகிறார். மல்லிகையை மூக்கருகே வைத்தாலும் வாசம் தெரியவில்லை. திடீரென்று கோபம் வருகிறது. ஒரு தடவை எறிந்த டம்ளர் மகளின் புருவத்தில் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. முதலாளி நல்ல மனிதர், திரும்பக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். மூன்றாம் நாளே கணக்கு குளறுபடி ஆகி, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்.

2025-ல் போட்ட இழப்பீட்டு மனு இப்போது விசாரணையில் இருக்கிறது. மெடிக்கல் போர்டு ஊனம் 35 சதவீதம் என்று சான்று கொடுத்திருக்கிறது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், “மனுதாரர் நல்லாத்தான் நடமாடுகிறார்” என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகன், அங்கே அடிபட்டவரின் ஒரு நாள் வாழ்க்கையை வீடியோவாக எடுத்துக் கோர்ட்டில் போட்டுக் காட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். இங்கே அது செல்லுமா? கணவருக்குத் தெரியாமல் எடுக்கலாமா? கோபப்படும் காட்சி இருந்தால் கேஸ் பலமாகுமா? இன்சூரன்ஸ்காரர் அனுப்பிய ஆள் ஊரில் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார், கேஸ் முடியும் வரை கணவரை வெளியே விடாமல் வைத்திருக்கலாமா? இவைதான் அவர் கேள்விகள். “அதெல்லாம் இங்க எடுபடாதும்மா” என்று அவருடைய வக்கீல் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் வக்கீல் சொன்னதில் பாதி சரி. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளில் நஷ்ட ஈட்டை முடிவு செய்வது பெரும்பாலும் ஜூரி. சட்டம் படிக்காத பொதுமக்கள் சிலர் உட்கார்ந்து தொகையைச் சொல்வார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் அந்த வீடியோ வழக்கம் அங்கே வளர்ந்தது. நம் ஊரில் இந்த வழக்குகளைப் பார்க்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஜூரி கிடையாது. ஒரே நீதிபதி, அவர் மேஜையில் கட்டுக் கட்டாக எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) வழக்குகள். உருக்கமான படம் பார்த்து அவர் தொகையைக் கூட்டிவிட மாட்டார், அதற்கு நேரமும் இல்லை.

மீதிப் பாதியில் நான் உங்கள் வக்கீலோடு ஒத்துப்போகவில்லை. கால் போனவருக்கு வீடியோ தேவையே இல்லை, கோர்ட்டுக்குள் வந்தாலே தெரிந்துவிடும். உங்கள் கணவர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பெயர், ஊர், வயது சொல்லிவிட்டு இறங்கினால், அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் குறையும் தெரியாது. மூளையின் முன்பகுதியில் அடிபட்ட பலர் அப்படித்தான். பேச்சும் நடையும் மிஞ்சியிருக்கும். ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, வரிசையாகச் செய்து முடிப்பது, பொறுமை, கணக்கு, ஞாபகம் இவைதான் போயிருக்கும். அதைக் காட்டப் பத்து நிமிடம் போதாது, ஒரு முழு நாள் வேண்டும். உங்கள் கேஸில் வீடியோவுக்கு வேலை இருக்கிறது.

35 சதவீதம் என்றால் என்ன?

கடிதத்தில் ஓரிடத்தில், “35 சதவீதம்தான் போட்டாங்க, அதனால சம்பளத்துல மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. போர்டு சொல்வது உடல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது, அந்தப் பாதிப்பால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. இடது கை துண்டான ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதே கை இழப்பு அரசு அலுவலக கிளார்க்குக்கு வந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். அவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று நீதிபதி கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் கணவருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18,000 சம்பளத்தைத் தீர்ப்பாயம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் மாதம் 25,200. வருடத்துக்கு 3,02,400. இந்த வருடத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதை வைத்து ஒரு எண் உண்டு, அதுதான் பெருக்குத் தொகை. 36 முதல் 40 வயதுக்கு அது 15. ஆக 45,36,000 ரூபாய். இதில் 35 சதவீதம்தான் இழப்பு என்றால் 15,87,600. முழு இழப்பு என்று நிரூபித்தால் மொத்தத் தொகையும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 29 லட்சம். எல்லா சாட்சியமும் இந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான் இருக்க வேண்டும்.

இதில் முதல் சாட்சி வீடியோ கிடையாது, அந்தக் கடை முதலாளி. மூன்று நாள் வேலை கொடுத்துப் பார்த்தேன், எடைச் சீட்டில் இன்னின்ன தப்பு வந்தது, வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அவர் கூண்டில் ஏறிச் சொன்னால் அதற்கு ஈடே இல்லை. அந்த மூன்று நாள் சீட்டுகள் இருந்தால் வாங்கி வையுங்கள். சம்பளத்துக்கும் அவர்தான் சாட்சி. மார்க்கெட்டில் சம்பளச் சீட்டு தரும் வழக்கம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்!

இரண்டாவது, டாக்டர். ஞாபகம், கவனம், திட்டமிடும் திறன் இவற்றை அளக்க நரம்பு உளவியல் பரிசோதனை என்று தனியாக உண்டு. போர்டு அதைச் செய்ததாக நீங்கள் அனுப்பிய சான்றில் இல்லை. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ கேளுங்கள். இங்கே முடியாவிட்டால் பெங்களூருவில் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் செய்கிறார்கள். வாசனை தெரியாததையும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு மோப்பம் போவது டாக்டர்களுக்குப் புதிதல்ல. எந்தக் கேமராவாலும் அதைப் படம்பிடிக்க முடியாது, சீட்டில் இருந்தால்தான் உண்டு. பூ வியாபாரத்தில் இருந்தவருக்கு அது சின்ன இழப்பில்லை. சமையல் கேஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது என்பதால், சிலிண்டர் வால்வை மூடும் பொறுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ இவர்களுக்குப் பின்னால் வரும் மூன்றாவது சாட்சி. அது தனியாக எதையும் நிரூபிக்காது. டாக்டர் தாளில் எழுதியது வீட்டில் எப்படி இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான்.

உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு

“நான் பொண்டாட்டிதானே, பார்த்துக்கறதுக்கு எப்படிக் காசு கேக்கறது” என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கேட்கலாம். துணையாள் செலவு என்பது இழப்பீட்டில் தனித் தலைப்பு. காஜல் எதிர் ஜகதீஷ் சந்த் வழக்கில், தலையில் அடிபட்ட ஒரு சிறுமிக்கு, துணையாள் செலவையும் பெருக்குத் தொகை வைத்தே கணக்கிட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சிறுமியின் நிலை உங்கள் கணவரைவிடப் பல மடங்கு மோசம், அதே தொகையை எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் மாதம் 6,000 என்று தீர்ப்பாயம் ஏற்றால்கூட 15 வருடப் பெருக்கில் 10,80,000 ஆகிறது. மனுவில் இந்தத் தலைப்பு இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். இல்லையென்றால் திருத்த மனு போடச் சொல்லுங்கள்.

என் பார்வையில் வீடியோவின் உண்மையான பயன் இங்கேதான். காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை எத்தனை தடவை நீங்கள் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது, எத்தனை தடவை கூடவே நிற்க வேண்டியிருக்கிறது என்பது எந்தச் சான்றிதழிலும் வராது. அவருடைய துயரத்தைப் படம் எடுக்காதீர்கள். உங்கள் வேலையைப் படம் எடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள்

இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவர் புத்தி கலங்கியவர் இல்லை, மறதி உள்ளவர். ஒரு நல்ல காலை வேளையில், பக்கத்தில் கூட்டம் இல்லாதபோது, எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று நேராகச் சொல்லிக் கேளுங்கள். மறந்துவிடுவார் என்பதால் ஒவ்வொரு தடவை கேமராவை வைக்கும்போதும் மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம். குளியல், உடை மாற்றுவது இவை வேண்டவே வேண்டாம். கதவுக்கு வெளியே நின்று “சோப்புப் போட்டீங்களா” என்று நீங்கள் கேட்கும் குரல் பதிவானாலே விஷயம் புரிந்துவிடும்.

பிள்ளைகளையும் படத்தில் கொண்டுவராதீர்கள். அப்பாவைப் பார்த்து மகள் பயந்து ஒதுங்குவது வக்கீல்களுக்குப் பிரமாதமான காட்சி. நாளைக்கு அவள் பெரியவளாகி அதைப் பார்க்க நேர்ந்தால்?

கோபக் காட்சி பற்றிக் கேட்டீர்கள். கோபம் வரும்வரை காத்திருந்து எடுப்பதும், சீண்டிவிட்டு எடுப்பதும் கேஸையே கெடுத்துவிடும். “கேமரா முன்கூட்டியே அங்கே எப்படி வந்தது?” என்ற ஒரு குறுக்குக் கேள்வி போதும். அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் உங்கள் கை போனுக்குப் போகக் கூடாது, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகத்தான் போக வேண்டும். மகளுக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால், அதுவே இதற்குச் சாட்சியம். இந்தக் கோபம் காயத்தால் வந்ததாக இருக்கலாம், சிகிச்சையால் குறையவும் வாய்ப்பு உண்டு. தாமதிக்காமல் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நடுராத்திரி யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டுக்குள் பூட்டி வைக்கலாமா?

கூடாது. அவருக்கும் கெடுதல், கேஸுக்கும் கெடுதல். இன்வெஸ்டிகேட்டர் வந்து அவர் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவதைப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும். உங்கள் வீடியோவிலேயே அவர் டீக்கடைக்கு நடந்து போவதும், நாலு பேரோடு பேசுவதும், வேட்டியைத் தானே கட்டுவதும் இருந்தால் அந்தப் படம் செல்லாக்காசு. மறைத்து வைத்து அவர்கள் கண்டுபிடித்தால், நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். முடிவதையும் காட்டுங்கள், முடியாததையும் காட்டுங்கள். டீக்கடைக்குப் போனவர் திரும்பி வரும்போது வாங்கச் சொன்னதை வாங்காமல் வருகிறாரே, அதுவும் தானாகப் பதிவாகும்.

ஒரு எச்சரிக்கை. மனு அவர் பெயரிலேயே போடப்பட்டிருக்கிறதா, அவருக்காக நீங்கள் போட்டதா என்று கடிதத்தில் தெரியவில்லை. அவரே கையெழுத்துப் போட்ட மனு என்றால், “எல்லாம் புரிந்து கையெழுத்துப் போட்டவருக்கு இப்போது எதுவும் புரியாது என்கிறீர்களா” என்று கேட்பார்கள். அவருக்குப் புரியாது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புரிகிறது, நிலைக்கவில்லை. கூண்டில் நிற்கும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள்.

எடுப்பது எப்படி?

எடுப்பவர் நீங்களாக இருக்க முடியாது, ஏனென்றால் படத்தில் நீங்கள் இருக்க வேண்டும். கல்யாண வீடியோக்காரரும் வேண்டாம். உங்கள் தம்பி எடுக்கட்டும், ஆனால் எடுத்தவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லத் தயாராக இருக்க வேண்டும், அதற்கு ஒப்புக்கொண்டால்தான் போனைக் கையில் கொடுங்கள். போனை அலமாரியில் அசையாமல் வைத்து, சுவர்க் கடிகாரம் தெரியும்படி, நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காமல், இரண்டு மூன்று வாரத்தில் நாலைந்து நாள் எடுங்கள். நல்ல நாளும் மோசமான நாளும் அதில் தானாகவே வந்துவிடும்.

காலை மாத்திரை, பல் விளக்குவது, டீ போடுவது, கடைக்குப் போய் வருவது, சாயங்காலம் யாராவது வந்தால் பேசுவது, இவ்வளவு போதும். பால் பொங்கும் வரை சும்மா விட்டுப் படம் எடுக்க வேண்டாம், ஆபத்து வரும் இடத்தில் எப்போதும்போல நீங்கள் போய் அடுப்பை அணையுங்கள். நீங்கள் அணைப்பதுதான் சாட்சியம். கணக்கு கேட்பது, ஞாபகம் சோதிப்பது போன்ற பரீட்சைகளை வீட்டில் வைக்காதீர்கள், அது உளவியல் நிபுணரின் வேலை. பாட்டு, எழுத்து, உங்கள் விளக்கவுரை, அழுகை எதுவும் வேண்டாம். அழுகை தானாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், வெட்ட வேண்டாம்.

கோர்ட்டில் காட்ட ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதை வக்கீல் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் எடுத்த எல்லாப் பதிவையும், நன்றாக வராததையும்கூட, அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு முழுவதையும் கேட்டால் கொடுக்க முடிய வேண்டும். கூடவே ஒரு நோட்டுப் போட்டு, தினமும் எத்தனை மணிக்கு எதற்காகக் கூட நின்றீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு மாத நோட்டும் ஏழு நிமிட வீடியோவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் குறுக்கு விசாரணையில் அசைப்பது கஷ்டம்.

சான்றிதழ்

மோட்டார் வழக்கில் சாட்சியச் சட்டம் கிரிமினல் கேஸ் அளவுக்குக் கறாராகப் பார்க்கப்படுவதில்லை. அதற்காக அலட்சியமாக இருந்தால் இன்சூரன்ஸ் தரப்பு ஆட்சேபிக்கும். உங்கள் மனு 2025-ல் போட்டது என்பதால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் பொருந்தும். பென்டிரைவில் நகல் கொடுக்கும்போது அதன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் போன் வைத்திருப்பவர் கையெழுத்து, இரண்டாவதில் நிபுணர் ஒருவர் கையெழுத்து. ஹாஷ் என்று ஒரு நீண்ட எண்ணும் எழுத்தும் கலந்த குறியீட்டை அதில் குறிப்பார்கள், ஃபைலில் ஒரு துளி மாறினாலும் அந்தக் குறியீடு மாறிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வழக்கம்போல வீடியோவாக அனுப்பினால் அது ஃபைலைச் சுருக்கிவிடும். போனிலிருந்து கேபிள் போட்டு நேராக பென்டிரைவில் ஏற்றிக் கையில் கொடுங்கள். அந்த போனை விற்கவோ ரீசெட் பண்ணவோ கூடாது. சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவதும் கூடாது, சித்தி மகனுக்கும் சேர்த்துத்தான்.

கோர்ட் ஹாலில் திரை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், லேப்டாப்போடு போகச் சொல்லுங்கள். வீடியோவில் எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் அடித்து, எதிர்த்தரப்புக்கும் நகல் கொடுத்துவிட வேண்டும். நீதிபதி போட்டுப் பார்க்க மறுத்தாலும் சான்றாவணமாகக் குறியிடும்படி கேளுங்கள். தீர்ப்பில் திருப்தி இல்லாமல் ஒத்தக்கடையில் உள்ள ஹைகோர்ட் கிளைக்கு 90 நாளுக்குள் மேல்முறையீடு போனால், கீழே பதிவாகாத சாட்சியத்தை அங்கே புதிதாக நுழைப்பது மிகவும் சிரமம்.

கடைசியாக லோக் அதாலத், அதாவது இரு தரப்பும் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். இன்சூரன்ஸ் அதிகாரி எதிரே உட்காரும் அந்த மேஜையில்தான் ஏழு நிமிட வீடியோ அதிகம் பேசும் என்பது என் அபிப்பிராயம். அங்கே ஒரு தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்பீல் கிடையாது. அதனால் உளவியல் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும் முன்னால் லோக் அதாலத்துக்குச் சம்மதிக்காதீர்கள். அடுத்த வாய்தாவுக்கு முன் வக்கீலைப் பார்த்து மூன்று விஷயம் கேளுங்கள்: துணையாள் செலவு மனுவில் இருக்கிறதா, முதலாளிக்கு சம்மன் கேட்டாயிற்றா, பரிசோதனைக்கு அனுப்பும்படி தீர்ப்பாயத்தில் மனுப் போட முடியுமா. கேமராவை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.